வண்ண உருண்டையின் இரு வீடுகள்

உலகில் ஹென்னிக்கர் என்னும் பெயருடைய ஊர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவ்வாறுதான் அவ்வூர் மக்கள் பலகை நாட்டிப் பெருமையோடு அறிவித்திருக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ ஹம்ஷயர் மாநிலத்தில், கொன்ரூக்குக் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் அது. கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று, கல்லூரி ஒன்று, சுற்றிலும் மேப்பிளும் பைனும் செறிந்த காடு. இவற்றையன்றிப் பிறர் தேடிச் செல்வதற்குரிய பெருஞ் சிறப்பெதுவும் அங்கில்லை. ஆயினும் இன்று உலகின் பல நாடுகளிலும் இளைஞர் ஆடும் ஒரு விளையாட்டு இவ்வூர்க் காட்டிலேதான் பிறந்தது. பெயின்ற்போல் என்பது அதன் பெயர். வண்ணக் குழம்பு நிறைந்த சிறு உருண்டைகளைக் காற்றழுத்தத்தால் எறிந்து, எதிரியின் உடலிற் குறியிட்டு, அவனை ஆட்டத்தினின்று நீக்குவதே இவ்விளையாட்டு.

இவ்விளையாட்டுக்கு இன்று இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று, அது பிறந்த காடு. மற்றொன்று, வலை சூழ்ந்த சிறிய அரங்கு. உருண்டை ஒன்றே, கருவியின் தத்துவமும் ஒன்றே. ஆயினும் காட்டில் ஆடுபவனும் அரங்கில் ஆடுபவனும் ஒருவரை ஒருவர் நோக்கி, "நீ ஆடுவதும் இதுதானா?" என்று வியக்குமளவிற்கு இரண்டும் வேறுபட்டு நிற்கின்றன. ஓரிடத்தின் இயல்பு ஒரு விளையாட்டையும், அதனை ஆடுவோரின் மனத்தையும் எவ்வாறு மாற்றியமைக்கின்றது என்பதைக் காண விழைவோர்க்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காண்பது நல்லதொரு பாடமாகும்.

காட்டிற் பிறந்த கதை

சார்ள்ஸ் கெயின்ஸ் என்பவர் நியூ ஹம்ஷயரில் வாழ்ந்த எழுத்தாளர். அவருடைய நண்பர் ஹேய்ஸ் நோயெல், நியூ யோர்க் நகரிற் பங்குத் தரகராயிருந்தவர். இருவருக்குமிடையே நெடுநாளாய் ஒரு வழக்கு நிகழ்ந்தது. நகரத்து வணிகச் சந்தையிலே பிழைக்கக் கற்றவன் காட்டிலும் பிழைப்பானா? அன்றிக் காட்டை அறிந்த நாட்டுப்புறத்தானே அங்கு வெல்வானா? வாயால் வாதித்துத் தீராத இவ்வழக்கைத் தீர்த்தற்கு ஒரு கருவி அவர்கள் கைக்குக் கிடைத்தது.

அக்கருவி விளையாட்டுக்கென ஆக்கப்பட்டதன்று. நெல்சன் என்னும் வண்ணப்பூச்சு நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட நெல்ஸ்பொட் 007 என்னும் கைத்துப்பாக்கி அது. வெட்டவேண்டிய மரங்களுக்குத் தொலைவில் நின்றே அடையாளமிட வனத்துறையாளரும், மந்தையிலிருந்து பிரிக்கவேண்டிய மாடுகளுக்குக் குறியிடப் பண்ணையாளரும் அதனைப் பயன்படுத்தி வந்தனர். மரத்துக்கும் மாட்டுக்கும் இட்ட குறியை மனிதனுக்கு இட்டால் என்ன என்ற எண்ணமே விளையாட்டாய் முளைத்தது.

1981ஆம் ஆண்டு ஜூன் 27ஆந் திகதி, கெயின்ஸ், நோயெல், அவர்தம் நண்பர் பொப் கேண்சி உட்படப் பன்னிருவர் ஹென்னிக்கர்க் காட்டினுட் புகுந்தனர். குழுக்கள் இல்லை; ஒவ்வொருவரும் ஏனைய பதினொருவர்க்கும் எதிரி. காட்டினுள் வெவ்வேறிடங்களில் வைக்கப்பட்ட கொடிகளைக் கவர்ந்து, எவராலும் குறியிடப்படாது வெளியேறுபவனே வென்றவன். வென்றவர் ரிச்சி வைட் என்னும் வனத்துறையாளர். அவர் ஓர் உருண்டையேனும் எறியவில்லை! மரங்களிடையே ஓசையின்றி நடந்து, கொடிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, ஓசையின்றியே வெளிவந்துவிட்டார்.

இந்த முதல் ஆட்டத்தின் முடிவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. பெயின்ற்போலின் முதல் வெற்றி வேகத்தின் வெற்றியன்று, எறிதிறனின் வெற்றியுமன்று. காட்டை அறிந்தவனுடைய பொறுமையின் வெற்றி அது.

உருண்டையும் கருவியும்

நம் வீட்டுப் பிள்ளைகள் விழுங்கும் மீனெண்ணெய்க் குளிகையைப் பார்த்தவர்கள் பெயின்ற்போல் உருண்டையைப் பார்த்தவர்களே. ஜெலற்றின் என்னும் பசைப்பொருளாலான மெல்லிய உறை. உள்ளே நிறக் குழம்பு. மருந்துக் குளிகை செய்யும் அதே முறையில், அதே வகை இயந்திரத்திலேதான் இதுவும் வார்க்கப்படுகின்றது. விட்டம் 0.68 அங்குலம், எடை 3 கிராம் அளவு. தொடக்க காலத்து உருண்டைகளில் எண்ணெய் வண்ணம் இருந்தமையால், ஆடி முடிந்தவர்கள் கற்பூரத்தைலம் கொண்டு உடலைத் துடைக்க நேர்ந்ததாம். இன்றைய குழம்போ நீரிற் கரைவது. துணியினின்றும் சவர்க்காரத்தோடு போய்விடும்.

கருவியிற் பொருத்திய உருளையில் அழுத்தப்பட்ட காற்று அடைக்கப்பட்டிருக்கும். பெரிய உருளைகளில் அவ்வழுத்தம் சதுர அங்குலத்துக்கு 4,500 இறாத்தல் வரை செல்லும். அதனைப் படிப்படியாகக் குறைத்து, அளவான காற்றை மாத்திரம் உருண்டையின் பின்னே செலுத்துவதே கருவியின் தொழில். உருண்டையின் வேகம் நொடிக்கு 300 அடியைத் தாண்டலாகாது என்பது பொதுவான விதி. அஃதாவது மணிக்கு ஏறக்குறைய 200 மைல். காட்டாட்டங்களிற் பெரும்பாலும் இதனினுங் குறைந்த வேகமே அனுமதிக்கப்படும். ஆடுகளத்தினுட் செல்லுமுன் ஒவ்வொரு கருவியையும் வேகமானியின் முன் வைத்துச் சோதிப்பர்.

உருண்டை பட்டால் நோகுமா என்று கேட்பீர்கள். நோகும். சுண்டிவிட்ட றப்பர் நாடா பட்டது போன்ற சுரீரென்ற வலி. அடுத்த நாள் நாணயத்தளவு கன்றிய தழும்பு. அவ்வளவே. கண்ணைப் பொறுத்தமட்டில் நிலைமை முற்றும் வேறு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

மலைக்காட்டில் ஒரு பகல்

நியூ யோர்க்கிலிருந்து மேற்கே நூறு மைல் அளவிற் சென்றால், பென்சில்வேனியா மாநிலத்தின் போக்கனோ மலைத்தொடரை அடையலாம். லீஹாய் ஆறு மலையை அறுத்துச் செல்லும் பள்ளத்தாக்கில், ஒரு காலத்தில் நிலக்கரியால் வாழ்ந்த பழைய நகரொன்று இருக்கின்றது. 1827ஆம் ஆண்டில் மலையுச்சிச் சுரங்கத்திலிருந்து நிலக்கரி வண்டிகளைச் சரிவிலே தாமாக உருண்டுவர விட்டு, வெறும் வண்டிகளைக் கோவேறு கழுதைகளைக் கொண்டு மேலே இழுப்பித்தார்கள். இறங்கும்போது அக்கழுதைகளும் வண்டியில் ஏறிச் சவாரி செய்து வந்தன என்பது அவ்வூர் வரலாறு.

அந்நகரின் பழைய பெயர் மோக் சங். 1954ஆம் ஆண்டிலே அது தன் பெயரை ஜிம் தோர்ப் என மாற்றிக்கொண்டது. ஜிம் தோர்ப் என்பவர் அமெரிக்கப் பழங்குடியிற் பிறந்த பெரும் விளையாட்டு வீரர். 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் போட்டியில் ஐந்திறப் போட்டியிலும் பத்துத்திறப் போட்டியிலும் தங்கப் பதக்கம் வென்றவர். அதற்குமுன் சிறு கூலிக்குப் பேஸ்போல் ஆடினார் என்ற காரணத்தால் 1913இல் அவருடைய வெற்றிகள் பறிக்கப்பட்டன. 1953இல் அவர் மறைந்தபின், அவர் உடலைத் தம்மூரில் அடக்கம் செய்து, ஊருக்கும் அவர் பெயரையே சூட்டிக்கொண்டனர் அந்நகர மக்கள். 1982இல் அவர் இணை வெற்றியாளராக ஏற்கப்பட்டார். 2022ஆம் ஆண்டிலேதான் தனி வெற்றியாளர் என்ற முழு உரிமையும் அவர் பெயருக்கு மீண்டது. விளையாட்டு விதி என்பது எத்துணைக் கடுமையானதாகவும், எத்துணைத் தாமதமாய் நீதி வழங்குவதாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு அவ்வூரே ஒரு சின்னம்.

இந்நகரை அடுத்த காட்டிலே, 700 ஏக்கரளவான நிலப்பரப்பில், ஸ்கேர்மிஷ் என்னும் புகழ்பெற்ற பெயின்ற்போல் களம் அமைந்திருக்கின்றது. நோர்மண்டிப் படையெடுப்பு என்னும் பெருங் கதையாட்டம் பல ஆண்டுகளாக ஜூலை மாதத்தில் அங்கு நடத்தப்பட்டு வருகின்றது. 1944 ஜூன் 6ஆந் திகதி, நேச நாட்டுப் படையினர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரான்சின் நோர்மண்டிப் பகுதியில் வந்திறங்கிய நிகழ்ச்சியே கதையின் கரு. ஆயிரக்கணக்கானோர் இரு பகுதியாய்ப் பிரிந்து, தளபதியும் படைப்பிரிவும் வகுத்துக்கொண்டு, இரண்டு நாட்கள் ஆடுவர். ஒக்கிலகோமா மாநிலத்து வயண்டொற் என்னுமிடத்திலும் 1997இல் இதே நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட ஆட்டமொன்று தொடங்கிற்று. அதனைத் தொடங்கியவர், நோர்மண்டியிற் போர்ப் பொறியாளராய்ப் பணியாற்றிய தம் பாட்டனாரின் நினைவாகவே அதனை ஏற்படுத்தினார்.

பென்சில்வேனியாவிற் கல்வி பயிலும் என் பெறாமகன், இத்தகைய கதையாட்டங்களில் ஈடுபாடுடையவன். ஒரு சனிக்கிழமை, இம்மலைக்காட்டில் நடந்த சிறியதொரு கதையாட்டத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றான்.

"பெரியையா, காட்டுக்குள்ளை வந்தாலும் உங்களுக்கு ஒண்டும் தெரியாது. வெளியிலை நில்லுங்கோ, சத்தத்தைக் கேட்டே விளங்கிக் கொள்ளலாம்" என்றான்.

அவன் சொன்னது மெய்யே. காட்டாட்டம் காண்பவனுக்கு உரியதன்று. ஓக் மரங்களும், இடுப்பளவு வளர்ந்த புதர்களும், பாசி படிந்த பாறைகளும் கண்ணை மறைத்தன. பச்சையும் கபிலமும் கலந்த உடை பூண்டோர் பத்தடி உள்ளே சென்றதும் இலைகளோடு இலைகளாய்க் கரைந்துபோயினர். பின்னர் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. ஒரு பறவையின் குரல். எங்கோ சுள்ளி முறியும் ஓசை. திடீரெனப் பள்ளத்திலிருந்து படபடவென்ற சத்தம், யாரோ கத்தும் குரல், மீண்டும் அமைதி.

அந்த அமைதியினுள்ளே நடப்பது யாது என்பதை அவன் பின்னர் விளக்கினான். கதையாட்டத்தில் எதிரியை நீக்குவது மாத்திரம் நோக்கமன்று. இன்ன மரக்கோட்டையை இன்ன மணிக்குத் தம் வசம் வைத்திருக்கும் பகுதிக்கு இத்தனை புள்ளி. இன்ன பெட்டியைத் தேடியெடுத்துப் பாளையத்துக்குக் கொண்டு சேர்த்தால் இத்தனை புள்ளி எனக் கணக்கு உண்டு. தூது செல்வோர் உண்டு, ஒற்றர் உண்டு, குறி பட்டவனை மீண்டும் ஆட்டத்துக்கு மீட்கும் மருத்துவர் என்ற பாத்திரமும் உண்டு. மருத்துவர் வராவிட்டால், பட்டவன் தன் பாளையத்துக்கு நடந்து சென்று, குறித்த நேரம்வரை காத்திருந்து மீள்வான். ஆகவே இங்கு நீக்கம் என்பது முடிவன்று, சிறிய இடைவேளை. நாள் முழுதும் பத்து முறை பட்டுப் பத்து முறையும் மீண்டு வந்தவன்கூட, ஒரு தூதினை உரிய இடத்திற் சேர்த்தானாயின் தன் பகுதிக்கு வெற்றி தேடித் தந்தவனாவான்.

இக்காரணத்தாற் காட்டில் எல்லார்க்கும் இடமுண்டு. அன்று ஆடியவர்களுள் நரைத்த தாடியுடையோரும், தந்தையோடு வந்த பன்னிரண்டு வயதுப் பையன்களும், இளம் பெண்களும் இருந்தனர். ஓட முடியாதவன் காத்திருக்கலாம். எறியத் தெரியாதவன் செய்தி கொண்டு செல்லலாம். இருபது உருண்டை கொள்ளும் சிறு கூட்டினை மாத்திரம் வைத்துக்கொண்டு, அவற்றையுஞ் சிக்கனமாய்ச் செலவிடுவதைப் பெருமையாகக் கருதுவோரும் உளர்.

பிற்பகலில், என் பெறாமகன் கருவியைத் தலைக்குமேல் உயர்த்தியபடி தனியே காட்டைவிட்டு வெளியே வந்தான். முதுகுப்புறத்தில் முழங்கையை அடுத்து மஞ்சட் குறி. எறிந்தவனையும் அவன் காணவில்லை. எறிந்தவனும் அது பட்டதைக் காணவில்லை. நடுவர் அருகில் எவருமில்லை. அவன் அன்று காத்து நின்ற கோட்டைக்கோ இன்னும் ஐந்து நிமிடம் காவல் வேண்டியிருந்தது.

"ஒருத்தரும் காணாவிட்டால் நின்று காத்திருக்கலாமே?" என்று, அவன் யாது சொல்வானென அறியும் பொருட்டுக் கேட்டேன்.

"ஒருதரும் காணேல்லைத்தான், பெரியையா. ஆனால் எனக்குத் தெரியுந்தானே" என்றான்.

அரங்கு பிறந்த கதை

காட்டில் எவரும் காணவில்லை என்பது ஆடுபவனுக்கு இன்பம். ஆட்டத்தை வளர்க்க விரும்பியவர்களுக்கோ அதுவே பெருங் குறையாயிற்று. காணமுடியாத விளையாட்டுக்குப் பார்வையாளர் எங்ஙனம் சேர்வர்? போட்டிகள் பெருகப் பெருக, இரு அணியாரின் களப்பகுதியும் சமமாயிருத்தல் வேண்டுமென்ற வழக்கும் எழுந்தது. ஒரு புறத்திற் பாறை இருக்க மறுபுறத்திற் பள்ளம் இருந்தால், தோற்றவன் காட்டைக் குறை சொல்வான்.

1980களின் பிற்பகுதியில் தென் கலிபோர்னியாவிலே, திறந்த வெளியிற் பலகைகளையும் பீப்பாய்களையும் தடுப்புகளாக நிறுத்தி, சிறு களத்தில் விரைவாக ஆடும் முறை பிறந்தது. அதற்கு ஸ்பீட்போல் என்று பெயரிட்டனர். 1990களின் நடுப்பகுதியில், காற்றடைத்த தடுப்புகள் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தன. இவற்றை ஒரு நாளில் நிறுத்தலாம். மறுநாள் சுருட்டி வண்டியில் ஏற்றலாம். வேண்டியபோது இடம் மாற்றலாம். மோதி விழுபவனுக்கும் காயமில்லை. அன்றுமுதல், காட்டிற் பிறந்த விளையாட்டுக்குக் காடே வேண்டாததாயிற்று.

வலைக்குள் ஒரு மாலை

சில நாட்களின் பின், பிலடெல்பியாவை அடுத்த வலையரங்கு ஒன்றில் என் பெறாமகனின் கல்லூரித் தோழர்கள் பயிற்சி செய்வதைக் காணச் சென்றோம். காட்டிற் காணாததை யெல்லாம் அங்கு ஒரே பார்வையிற் கண்டேன்.

போட்டி அரங்கின் நீளம் 150 அடி. அகலம் 120 அடி. நம்மூர்ப் பாடசாலை மைதானத்தின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். சுற்றிலும் உயர்ந்த வலை. நிலத்திற் செயற்கைப் புல். அதன்மேற் சிவப்பும் நீலமுமாய்க் காற்றடைத்த தடுப்புகள். தரையோடு நீண்டு கிடப்பது பாம்பு; முக்கோணமாய் நிற்பது சோளச் சில்லுத் தின்பண்டத்தின் பெயரால் டொரிற்றோ; உருளையாய் நிற்பது தகரப்பேணி. நடுக்கோட்டின் ஒரு பாதியில் எவை எங்கெங்கே உள்ளனவோ, மறுபாதியிலும் அவை அவ்வாறே உள்ளன. எனவே இடத்தைக் குறைசொல்ல எவராலும் இயலாது. பெரிய போட்டிகளுக்கு இவ்வமைப்பின் வரைபடத்தை முன்கூட்டியே வெளியிடுவர். அணிகள் அதேபோற் களம் அமைத்து, எவன் எந்தத் தடுப்புக்கு ஓடுவது, எந்த இடைவெளியை எவன் அடைப்பது என்று நாட்கணக்கிற் பயில்வர்.

பக்கத்துக்கு ஐவர். காட்டு உடை இல்லை. உதைபந்தாட்டக்காரர் அணிவதுபோன்ற பளிச்சென்ற நிறச் சட்டைகள், முதுகில் எண். ஒலிப்பான் முழங்கியது. கண்ணிமைக்குமுன் பதின்மரும் பாய்ந்தனர். மின்னியற் கருவிகள் நொடிக்குப் பத்தளவு உருண்டைகளை உமிழ, அரங்கின் குறுக்கே வண்ணக் கயிறுகள் கட்டியது போலிருந்தது. ஒருவன் ஓடிய வேகத்தில் நெஞ்சால் வழுக்கிச் சென்று பாம்பின் பின்னே கிடந்தான். எல்லாரும் ஒரே வேளையிற் கத்தினர். எத்தடுப்பில் எதிரி உள்ளான், எத்தனைபேர் எஞ்சினர் என்பதைத் தம் அணியினர் மாத்திரம் அறிந்த குறிச்சொற்களால் ஒருவர்க்கொருவர் அறிவிக்கின்றார்களாம். காட்டில் வாய் திறந்தவன் தோற்பான். இங்கோ வாய் திறவாதவன் தோற்கிறான்.

எஞ்சிய ஒருவன் எதிரணியின் தளத்துக்கு ஓடி ஒரு பொத்தானை அழுத்தினான். ஒலிப்பான் மீண்டும் முழங்க, ஒரு புள்ளி முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்; ஒன்றரை நிமிடம். இரு அணியினரும் வெளியேறி, உடலிற் படிந்த வண்ணத்தைத் தோழர்கள் துடைத்துவிட, இரு நிமிடத்தில் உருண்டை நிரப்பிக்கொண்டு மீண்டும் நின்றனர். இவ்வாறு குறித்த புள்ளிகளை முதலில் எட்டும் அணி வெல்லும். இங்கு குறி பட்டவன் அந்தப் புள்ளி முடியும்வரை திரும்ப முடியாது. ஐவரில் ஒருவன் முதற் பாய்ச்சலிலேயே நீங்கினால், எஞ்சிய நால்வரின் தலையில் முழுச் சுமையும் விழும். ஆகவே ஒவ்வொரு தவறும் உடனே தண்டிக்கின்றது.

நம் நாட்டு விளையாட்டுகளோடு ஒப்பிட்டுச் சொல்வதாயின், காட்டாட்டம் தோப்பு முழுதும் பரந்து ஆடும் ஒளித்துப் பிடித்தல் போன்றது. அரங்காட்டம் கோடு கிழித்து ஆடும் கிளித்தட்டுப் போன்றது. முன்னதிற் கண்ணும் காதும் பொறுமையும் முதல். பின்னதிற் காலும் கூட்டுணர்வும் நொடிநேரத் துணிவும் முதல். பொருட்செலவிலும் வேறுபாடு பெரிது. உருண்டைகள் 2,000 கொண்ட பெட்டிகளாக விற்கப்படுகின்றன. காட்டிற் சிக்கனமாய் ஆடுபவனுக்கு ஒரு பெட்டி ஒரு நாளுக்கு மேலும் வரும். அரங்கிற் பயிலும் அணிக்கு அது மத்தியானம்வரைகூட நில்லாது. கருவியின் விலையும் அவ்வாறே ஏறும். மாணவன் ஒருவன் எந்த வீட்டைத் தேர்கின்றான் என்பதிற் பெற்றோரின் பணப்பைக்கும் பங்குண்டு.

நடுவர் யார்?

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒன்றுண்டு. என் மனத்திற் பதிந்தது அதுவே.

பெயின்ற்போலிற் பெருங் குற்றம் எனப்படுவது, பட்ட குறியைத் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்தல். உருண்டை உடைந்து, ஒரு சிறு நாணயத்தளவேனும் குறி படிந்தால் ஆடுபவன் நீங்கவேண்டும். உடையாது தெறித்துப் போனால் நீங்கவேண்டியதில்லை. பட்டதா, தெறித்ததா என்பதைப் பலவேளைகளில் முதலில் அறிபவன் பட்டவனே. அவன் கை குறியின்மேற் சென்று மீள ஒரு நொடி போதும்.

அரங்கில் இதற்கு விதி காவலிருக்கின்றது. கோடிட்ட சட்டையணிந்த நடுவர் பலர் தடுப்புக்குத் தடுப்பு நின்று பார்த்துக்கொண்டிருப்பர். ஆட்டம் நடக்கும்போதே ஓடிச்சென்று ஆடுவோரின் முதுகைச் சோதிப்பர். குறியோடு ஆடியவன் அகப்பட்டால் அவன் மாத்திரமன்று, அவனுடைய தோழனும் சேர்ந்து நீக்கப்படுவான். அல்லது அணி ஆட்குறைவோடு ஆட நேரும். ஒருவன் பிழைக்குப் பலர் வருந்துவதால், அணியே அவனைத் திருத்தும். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நடுவர் காணும்வரை பட்டது பட்டதாகாது என்னும் எண்ணம் மெல்ல வேரூன்றிவிடக் கூடும். "அங்கை எண்டால், நான் சொல்லுறதுக்கு முந்தி நடுவர் கையைத் தூக்கிப் போடுவார்" என்று என் பெறாமகன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு சிறு குறையும் ஒளிந்திருந்தது.

காட்டிலோ நூறு மரத்துக்கு ஒரு நடுவரும் இரார். பட்டவன் தானே கை உயர்த்தாவிட்டால் ஆட்டமே இல்லை. எனவே காட்டாட்டம் முழுவதும் ஆடுவோரின் நேர்மை என்னும் ஒரே தூணில் நிற்கின்றது. அத்தூண் சாய்ந்த களங்களில் நாள் முழுதும் "நீ பட்டாய்", "படவில்லை" என்ற பூசலே மிஞ்சும். தூண் நின்ற களங்களிலோ, முன்பின் அறியாத இருநூறு பேர் ஒருவரை ஒருவர் நம்பி ஒரு பகலைக் கழிக்கின்றனர். அஃது எளிய செயலன்று.

போரும் விளையாட்டும்

எம்போன்றோர்க்கு இன்னொரு கேள்வியும் எழுதல் இயல்பு. முப்பதாண்டுக் காலம் உண்மையான வெடியோசையைக் கேட்டு, 2009ஆம் ஆண்டின் நினைவுகளை இன்னும் சுமந்திருக்கும் ஒரு நாட்டிலிருந்து சென்றவன், காட்டினுள்ளே படையுடை பூண்டு ஆடுவோரைக் கண்டு மகிழ்தல் எங்ஙனம்? அந்தப் படபடப்பு ஓசை முதலிற் கேட்டபோது என் உள்ளம் ஒரு கணம் நடுங்கியது என்பதை மறைக்க மாட்டேன். போரைக் கண்ட தாயொருத்தி தன் மகனை இவ்வாட்டத்துக்கு அனுப்பத் தயங்கினால், அத்தயக்கத்தை நகைத்தல் ஆகாது.

இக்கேள்வி அமெரிக்கரிடையேயும் எழாமலில்லை. அரங்காட்டக்காரர் அதற்குத் தந்த விடை, போரின் சாயலையே கழற்றிவிடுதல். கருவியைத் துப்பாக்கி என்னாது குறியிடுங் கருவி என்பர். கொன்றேன் என்னாது நீக்கினேன் என்பர். உடையையும் விளையாட்டுச் சட்டையாக்கினர். கதையாட்டக்காரர் தரும் விடை வேறு. போர் ஒன்று நிகழ்ந்தது. அதில் எம் பாட்டன்மார் நின்றனர். அதை மறவாதிருக்கவே ஆடுகின்றோம் என்பது அது. இரண்டிலும் உண்மையுண்டு. சாயலைக் கழற்றியதால் ஆட்டத்தின் வேகம் தணிந்துவிடவில்லை. நினைவுக்காக ஆடுவதால் மட்டும் போரின் துயர் விளங்கிவிடுவதுமில்லை. எனினும், எதிரி என நின்றவனோடு மாலையில் ஒரே மேசையில் அமர்ந்து உணவுண்ண முடிகின்றதே, அந்த ஒன்றிலேதான் விளையாட்டுப் போரினின்றும் பிரிகின்றது. அதனை இரு வீடுகளிலும் கண்டேன்.

செல்வோர் அறியவேண்டியவை

வெளிநாட்டிற் பயிலும் நம் பிள்ளைகள் பலர் இவ்வாட்டத்துக்குச் செல்லக்கூடும். ஆதலின் சில சொற்கள்.

கண்ணுக்கு முகமூடியே காவல். இதற்கென ஆக்கப்பட்ட முகமூடியன்றி வேறு கண்ணாடி எதுவும் பயன்படாது. களத்தினுள் நிற்கும்வரை, ஆட்டம் நின்றிருந்தாலும், கண்ணாடி புகாரிட்டாலும், எக்காரணங் கொண்டும் அதனைக் கழற்றலாகாது. வெற்றுக் கண்ணிற் பட்ட உருண்டை பார்வையையே பறித்துவிடும். களத்தை விட்டு வெளியே வந்ததும் கருவியின் குழல்வாயை உறையால் மூடவேண்டும். இவ்விரு விதிகளையும் கண்டிப்பாய்க் காவாத களத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

காட்டுக்குச் செல்வோர் கணுக்காலை மூடும் சப்பாத்தும் நீண்ட கைச்சட்டையும் அணிதல் வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் உண்ணிகள் மிகுதி. அவற்றாற் பரவும் லைம் நோய் எளிதன்று. மாலையில் உடல் முழுதும் தேடிப் பார்த்தல் நன்று. அரங்குக்குச் செல்வோர் முழங்காலுக்கும் முழங்கைக்கும் பஞ்சுக் காப்பு அணியவேண்டும். வழுக்கி விழுதலே அங்கு பாதி ஆட்டம்.

புதியவன் எங்கே தொடங்குவது? தனித்துச் சிந்திப்பவனும், நடக்க விரும்புபவனும், கதையில் மனம் வைப்பவனும் காட்டுக்குச் செல்லட்டும். உடல் உறுதியும், தோழரோடு இசைந்து பயிலும் பொறுமையும், தோல்வியை இரண்டு நிமிடத்தில் மறந்து மீண்டும் நிற்கும் மனமும் உள்ளவன் அரங்குக்குச் செல்லட்டும். இயன்றால் முதலிற் காட்டிலே சில நாட்கள் ஆடிவிட்டு அரங்குக்குப் போவது சாலச் சிறந்தது. நடுவர் இல்லாத இடத்திற் கை உயர்த்தப் பழகியவனுக்கு, நடுவர் உள்ள இடத்தில் அது கடினமாயிராது.